கலையாத மடிப்பு

கராத்தே கிளப்பில் மகளைச் சேர்க்கலாமா என்று பார்க்க வந்தாள் இஸ்திரிக்காரி செங்கமலம். "நீங்க எப்படின்னு பார்த்துட்டுச் சேர்க்கறேன்" என்று அவள் சொன்னதும், வெள்ளை உடுப்பில் விறைப்பாக நின்ற மாஸ்டர் தனசிங்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னையே எடை போட வந்தியா? ஒரே ஒரு குறை சொல்லு பார்ப்போம்! சொல்லலைன்னா, கிளப் உடுப்பு மொத்தத்தையும் ஒரு வருஷம் சும்மா தேய்ச்சுத் தரணும்."

செங்கமலம் அவரை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"மாஸ்டர், உங்க பேண்ட்டுல கத்தி மாதிரி நிக்குதே, அந்த மடிப்பு நான் பொங்கலுக்குப் போட்டது. அப்புறம் இஸ்திரிக்கே வரலை. இப்போ சித்திரை. ஒரு உதை விட்டிருந்தாக்கூடக் கலைஞ்சிருக்குமே!"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மாஸ்டர் அசடு வழிந்தார்.

"சரி, பொண்ணைக் கூட்டிட்டு வா. ஃபீஸே வேணாம்."

"இருக்கட்டும் மாஸ்டர். பின்தெரு சிலம்ப டீச்சர் பேண்ட்டைத் தேய்ச்சுத் தேய்ச்சே என் கை ஓஞ்சுபோச்சு. அங்கேயே சேர்த்துடறேன்."