செங்கமலத்தோட பெரட்டு

கடலுக்கு அந்தாண்ட, மலாயாவுல, ஒரு ரப்பர் தோட்டம். அந்தத் தோட்டத்துல ஒரு செங்கமலம். நீ 'ம்' சொல்லிக்கிட்டே வரணும், இல்லேன்னா கதையை நிறுத்திப்புடுவேன். கால நீட்டிப் படு.

செங்கமலம் பால் மரம் வெட்டுறவ. விடியறதுக்குள்ள மணி அடிப்பாங்க, டண் டண்ணுன்னு. எல்லாரும் வாளியும் கத்தியுமா ஓடிப்போயி வரிசையில நிக்கணும், கங்காணி பேர் கூப்பிடுவான். அதுக்குப் பேருதான் பெரட்டு. பெரட்டுல பேர் குடுக்காட்டி அன்னிக்கு வேலை கிடையாது, அடுப்பும் எரியாது.

அப்புறம் சண்டை வந்துச்சு. வெள்ளைக்காரன்கிட்ட இருந்து நம்ம நாட்டை மீட்கப் போறோம், பொம்பளைகளும் வாங்கன்னு ஒரு பட்டாளம் ஆள் சேர்த்துச்சு. செங்கமலம் மொத ஆளாப் போயி நின்னா. அவ போறான்னதும் லயத்து வரிசை வீட்டுப் பொண்ணுங்க எல்லாம் பின்னாலேயே கிளம்பிருச்சுங்க. அதுல பூவாயின்னு ஒரு வாயாடி. லாரி கிளம்புறப்ப அவளோட அம்மா ஓடியாந்து செங்கமலம் கையப் புடிச்சுக்கிட்டா.

"உன்னை நம்பித்தான் எம்மவளை அனுப்புறேன். நீயே கொண்டாந்து குடுக்கணும்."

"குடுக்கறேன் அத்தே"ன்னா செங்கமலம். வாய் விட்டுச் சொல்லிப்புட்டா பாரு, அதுல இருந்து அவளுக்கு நிம்மதியான தூக்கமே இல்ல.

ம்? சரி.

மொத நாளே சிரிப்பாச் சிரிச்சுப் போச்சு. காலையில பரேடுன்னு கேப்டன் சொல்லியிருக்காரு. நம்ம பொண்ணுங்க காதுல அது பெரட்டுன்னு விழுந்துருச்சு. குளிக்கிற வாளி, சமையக்கட்டு அரிவாள்மணைன்னு கையில கிடைச்சதத் தூக்கிக்கிட்டு வந்து நின்னாளுக. ஆம்பளச் சிப்பாய்ங்க வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. கேப்டனும்தான் சிரிச்சாரு. அப்புறம் வரிசையப் பாத்தாரு, சிரிப்பு நின்னுபோச்சு. நூல் புடிச்ச மாதிரி நிக்கிறாளுக, ஒருத்தி அசையல. "இதுங்களுக்கு யாரு தலைவி?"ன்னாரு. எல்லாக் கையும் செங்கமலத்தைக் காட்டுச்சு.

அப்போ கால்சட்டை வந்துச்சு, துப்பாக்கி வந்துச்சு. ஆமாடா, பொம்பளைங்கதான், கால்சட்டைதான். குறுக்கப் பேசாத.

அங்கேருந்து பர்மாவுக்குச் சண்டைக்கு அனுப்புனாங்க. அந்தக் காட்டுல சண்டை முத்திப்போச்சு. சோறு இல்ல, மருந்து இல்ல, எல்லாரும் நடந்தே திரும்புங்கன்னு உத்தரவு. நடக்கறப்ப மேல கொர்ர்ர்ருன்னு ஏரோப்ளேன். "ஆளுக்கொரு மரம்!"னு கத்துனா செங்கமலம். தோட்டத்துல ஆளுக்கொரு மரம் புடிச்சே பழகுன பொண்ணுங்களாச்சே, விசுக்குன்னு மறைஞ்சிட்டாளுக. படபடபடன்னு குண்டு. இலைதான் உதிர்ந்துச்சு, ஒருத்திக்கும் கீறல் இல்ல.

அப்புறம் ஒரு புதர்க்காடு. பக்கத்துப் பாதையில எதிரி பூட்ஸ், சரக் சரக். பேர் கூப்பிட முடியாது, கூப்பிடாட்டி செங்கமலத்துக்கு மனசு கேக்காது. "நான் பேரை வாய்க்குள்ள சொல்றேன். நீங்க 'ம்'னு மட்டும் சொல்லுங்கடி"ன்னா.

பச்சையம்மா. ம். கன்னியம்மா. ம். பூவாயி.

"வந்துட்டேங்க்கா, கொசு பிடுங்குது."

நாலு கை சேந்து அவ வாயப் பொத்துச்சு. பூட்ஸ் நின்னுச்சு. அப்புறம் சரக் சரக்குன்னு போயே போச்சு. செங்கமலம் அவ தலையில நறுக்குன்னு ஒரு குட்டு வச்சா. எனக்கும் அந்தப் பூவாயியத் தெரிஞ்சிருந்தா ஒண்ணு வச்சிருப்பேன்.

ம்? இன்னும் தூங்கலயா. இனிமேதான் ஆறு.

மழை கொட்டி ஆறு சீறிக்கிட்டு ஓடுது. மூங்கில் தெப்பத்துல கொஞ்சங் கொஞ்சமா அக்கரை சேந்தாங்க. கடைசித் தடவையில தெப்பம் சடசடன்னு உடைஞ்சு போச்சு, அதுல இருந்தவங்க நீந்திக் கரையேறுனாங்க. உடனே செங்கமலம் பெரட்டு எடுத்தா. பச்சையம்மா, ம். கன்னியம்மா, ம். பூவாயி.

பூவாயி.

கேப்டன் மெதுவாச் சொன்னாரு, "ஆத்தோட போயிருப்பாம்மா. ஒருத்திக்காக நின்னா எல்லாரும் மாட்டிக்குவோம். நடங்க."

செங்கமலத்துக்கு அந்த அத்தையோட கைதான் ஞாபகம் வந்துச்சு. பயமாத்தான் இருந்துச்சு அவளுக்கு. ஆனாலும் விறைப்பா நின்னு சொன்னா, "பெரட்டு இன்னும் முடியலைங்கய்யா."

இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டு, நுனியப் பொண்ணுங்க கையில குடுத்துட்டு, தொபுக்கடீர்னு குதிச்சுட்டா. விட்டுட்டு வந்த கரைக்கே திரும்பப் போயி ஒவ்வொரு புதரா, "பூவாயி, பூவாயி"ன்னு தேடுனா. ஒரு மூங்கில் புதருக்குள்ள இருந்து, எறும்பு முனகுற மாதிரி, "ம்".

காய்ச்சல்ல சுருண்டு கிடந்திருக்கா, தெப்பத்துல ஏறவே இல்ல. பிறந்ததுல இருந்து அன்னிக்குத்தான் அவ 'ம்'மோட நிறுத்துனா. செங்கமலம் அவள முதுகுல கட்டிக்கிட்டு ஆத்துல இறங்குனா. இந்தப் பக்கம் எல்லாரும் சேந்து கயித்த இழுத்தாங்க. மொத ஆளா இழுத்தது யாருங்கற? அந்தக் கேப்டன்தான்.

அப்புறம் ஒருநா தோட்டத்து வாசல்ல லாரி வந்து நின்னுச்சு. அம்மாமாரெல்லாம் ஓடியாந்தாங்க. செங்கமலம் ஒருத்தியையும் விடல. "பெரட்டு முடியட்டும்"னா. வரிசையா நிக்க வச்சு, அம்மாங்க கண்ணு முன்னால, பேர் கூப்பிட்டா. ம். ம். ம். கடைசியா பூவாயி.

"வந்துட்டேங்க்கா!"

கோழியெல்லாம் சிதறி ஓடுச்சு. செங்கமலம் அந்த அத்தைகிட்ட, "இந்தாங்க அத்தே, உங்க மவ"ன்னா. அப்புறம் அந்தச் சேத்துலேயே உக்காந்து ஓன்னு அழுதா. அழுதுக்கிட்டே சிரிச்சா. அந்தப் பட்டாளம் தோத்துடுச்சுன்னு சொல்றவங்க சொல்லட்டும். செங்கமலம் ஜெயிச்சவதான்.

கண்ணு?

கண்ணு... 'ம்' காணோமே.

ஆங், போர்வைக்குள்ளதான் இருக்க. சரி, பெரட்டு முடிஞ்சுது, கதையும் முடிஞ்சுது. தூங்கு.