பம்ப் கம்பெனியின் பின்வாசல்

நாற்பது மாணவிகளில் முப்பத்திரண்டு பேரைப் படிப்பிலிருந்து நீக்கும் கடிதம் அது. கையெழுத்துப் போட மனம் வராமல் சவரிமுத்து அதை எடுத்துக்கொண்டு கோமதியின் அறைக்குப் போனார்.

தொலைதூரக் கல்விப் பல்கலைக்கழகத்தில் அவர் பாடம் எழுதி, தன் குரலிலேயே பதிவும் செய்கிறவர்; பம்ப் கம்பெனிப் படிப்புக்கும் அவர்தான் பொறுப்பு. ஐம்பது வயதில், தன்னைவிட இளையவரான கோமதியிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். சிரித்தவர்கள் உண்டு, அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பம்ப் கம்பெனிப் பெண்கள் ஒரு பாடம், ரெண்டு பாடத்துக்கு மேல திறக்கவே இல்லை, மேடம். பாஸானா மேற்பார்வையாளர் வேலைன்னு கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கு. ஷிஃப்டுக்குள்ளேயே அரை மணி நேரம் படிக்க விட்டிருக்கு. நாம போன்லயே பாடம் அனுப்பறோம். இதுக்கு மேல பல்கலைக்கழகமும் கம்பெனியும் எப்படித்தான் கைகோக்கறது?"

கோமதி கடிதத்தைத் தொடவில்லை.

"நாளைக்குக் காலையில ஆறு மணி ஷிஃப்டுக்குப் போவோம், சார்."

மறுநாள் கம்பெனியின் பெரிய கேட்டில் அவர் நுழையப் போனார். கோமதி நிற்காமல் பின்பக்கம் நடந்தார். அங்கே ஒரு சின்ன வாசல். பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். இவர்களும் போய் நின்றார்கள்.

காவலாளி ஒரு பெட்டியை நீட்டினார். "போனைப் போடுங்க."

"எதுக்கு?"

"உள்ள போன் ஆகாதுங்க. ரொம்ப வருஷமா இதான் வழக்கம். ஷிஃப்ட் முடிஞ்சு வாங்கிக்கலாம்."

சவரிமுத்து தன் போனைப் பெட்டியில் போட்டார்.

பின்னால் நின்ற பெண் அவர் குரலைக் கேட்டு எட்டிப் பார்த்தாள்.

"பாடம் நடத்துற சார்தானுங்களே? நான் திலகமணிங்க. உங்க மாணவி."

அந்தப் பெயர் கடிதத்தில் இருந்தது.

"போன் விடமாட்டாங்கன்னு யார்கிட்டயும் சொல்லலையாம்மா?"

"சொன்னமுங்க. காலேஜுல கேளுன்னாரு சூப்பர்வைசரு. காலேஜுக்குப் போன் போட்டா, ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னே போகுதுங்க. வீட்ல கைக்குழந்தை. ஞாயித்துக்கிழமை ஒரு பாடம் பாத்தேன், நல்லாப் புரிஞ்சுதுங்க. பாடம் பாக்கலைன்னா பேரை எடுத்துருவோம்னு மெசேஜ் வந்துதுங்க. எம் பேரை மட்டும் எடுத்துடாதீங்க சார்."

மணி அடித்தது. அவள் ஓடிவிட்டாள். அவருக்கு அவமானமாக இருந்தது. பையிலிருந்த கடிதம் கனத்தது.

"ஒப்பந்தம் போட மூணு தடவை வந்தோமே, மேடம். இது எப்படி நம்ம கண்ணுல படாமப் போச்சு?"

அப்போது முற்றத்துக்கு அந்தப் பக்கம் பெரிய கேட் திறந்தது. மேலாளரின் கார் உள்ளே போனது. அங்கிருந்த காவலாளி சல்யூட் அடித்தார்.

கோமதி அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அந்த மூணு தடவையும் நாம எந்த வாசல் வழியா உள்ள போனோம், சார்?"