சிவப்புக் கச்சை

சீன தேசத்தில் பட்டு வியாபாரி காவ் வீட்டில் ஒரு வெள்ளிக் கிண்ணம் காணாமல் போயிற்று. அங்கேயே தங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜோசியர் ஷூ ஊரார் வயதையெல்லாம் கணிப்பார், தன் வயதை மட்டும் சொல்ல மாட்டார். அவர் கண்ணை மூடித் திறந்து, "எடுத்தவர் எலி வருஷத்தில் பிறந்தவர். எலி வருஷத்துக்காரர்கள் அத்தனை பேருக்கும் கை நீளம்," என்றார்.

சீனர்கள் வருஷங்களுக்குப் பன்னிரண்டு மிருகங்களின் பெயரை மாற்றி மாற்றி வைப்பார்கள்; அப்போது நடந்ததும் எலி வருஷம்தான். பிறந்த வருஷத்து மிருகம் திரும்பி வந்தால் கெட்டது அண்டும் என்று பயந்து, அந்த வருஷம் முழுக்க இடுப்பில் சிவப்புக் கச்சை கட்டுவது அவர்கள் வழக்கம். சலவைக்காரி மெய்லான் இடுப்பில் கச்சை பளிச்சென்று தெரிந்தது.

"கிண்ணத்தைக் கொடு. இல்லையென்றால் ஊரைவிட்டுப் போ," என்றார் காவ்.

மெய்லான் பதறவில்லை. "போகிறேன் முதலாளி. ஆனால் இந்த வீட்டில் நான் துவைக்கிற சிவப்புக் கச்சை இரண்டு. இன்னொன்றை உள்ளே மறைத்துக் கட்டியிருக்கிறவரும் என்னோடு வர வேண்டாமா? ஜோசியர் ஐயா கொஞ்சம் எழுந்து அங்கியை விலக்கட்டும்."

ஜோசியர் எழுந்திருக்கவில்லை. காவ் அவரையே பார்த்தார்.

ஜோசியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னொரு முறை கணித்துப் பார்த்தேன். கிண்ணம் வீட்டுக்குள்ளேயேதான் எங்கேயோ கிடக்கிறது. எலி வருஷத்துக்காரர்களைப் போல நாணயமானவர்கள் உலகத்திலேயே கிடையாது."

"முதலாளி காதிலும் விழுந்திருக்கும்," என்று மெய்லான் துணிக்கூடையைத் தூக்கினாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"ஐயா, இனிமேல் அந்தக் கச்சையைத் தனியாகச் சலவைக்குப் போடுங்கள். உங்கள் வெள்ளைச் சட்டையிலெல்லாம் சாயம் ஒட்டுகிறது."