இரண்டே பக்கம்

டாக்டர் மரகதவல்லி நாற்பத்தோரு வருஷம் நோய் எதிர்ப்பு ஆராய்ச்சியில் காலம் தள்ளியவர். அன்று ஆய்வகத்தில் கடைசி நாள். விருதுகளை எல்லாம் பழைய பேப்பர் போல அட்டைப்பெட்டியில் திணித்துவிட்டு, கடலை மிட்டாய் கடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

அவரிடம் படித்த நூருல்லாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஐம்பது வயதில் துறைத் தலைவர் பதவி கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. வெள்ளிக்கிழமை நேர்காணல். அதற்குள் பெரிதாக ஏதாவது காட்டியாக வேண்டும்.

"மேடம், ஆறு வருஷ யானைக்கால் தடுப்பூசி ஊத்திக்கிச்சு. அறுபது எலிக்குப் போட்டேன், பதினொண்ணுதான் தப்பிச்சுது. ஊசியே போடாத அறுபதுலயும் அதே பதினொண்ணு."

"அடடே!"

"ஊசி போட்டுத் தப்பிச்ச பதினொண்ணை மட்டும் வெச்சு எழுதிடலாமா? பொய் இல்லையே, நடந்ததுதானே?"

மரகதவல்லி அலமாரியின் மேல்தட்டைக் காட்டினார்.

"அந்தப் பச்சை ஃபைலை எடு. நான் எழுதினதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுல இருக்கு."

நூருல்லா ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தார். இரண்டே பக்கம். தொழுநோய்த் தடுப்பூசி, எண்பது எலிகள். பலன் ஏதுமில்லை என்று முடிந்திருந்தது. அவருக்கு எரிச்சலாக வந்தது.

"விளையாடறீங்களா மேடம்? இதுக்கு யார் கை தட்டினாங்க?"

"ஒருத்தரும் இல்ல. டைரக்டர் ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசல. வர வேண்டிய பதவியும் போச்சு." சொல்லிவிட்டுக் கலகலவென்று சிரித்தார்.

"அப்புறம் என்ன இருக்கு இதுல?"

"ஒரே ஒரு லெட்டர் வந்துச்சுப்பா. ஒரிசா பக்கம் ஒரு டாக்டர். அதே மருந்தை மறு வாரம் இருநூறு குழந்தைங்களுக்குப் போட எல்லாம் தயாரா வெச்சிருந்தாராம். இதைப் படிச்சுட்டு நிறுத்திட்டாராம்."

நூருல்லா ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போட்டிருந்தா, இனி நம்ம பிள்ளைக்கு அந்த நோய் வராதுன்னு இருநூறு அம்மாக்கள் நம்பியிருப்பாங்க, பாவம்."

மிட்டாயில் பாதியை உடைத்து அவரிடம் நீட்டினார்.

"உன் பதினோரு எலியை எத்தனை அம்மாக்கள் நம்பணும்னு சொல்லு, நூருல்லா. இப்பவே உட்கார்ந்து எழுதிடலாம்."