ஏழில் அடங்காத ஒருத்தன்

முன்னொரு காலத்திலே மஞ்சனூர்ச் சீமையை வடிவழகன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். பேரில்தான் அழகு. வாயில் மிஞ்சியது ஏழே ஏழு பல். அதனால் ஏழுதான் உலகத்திலேயே உசத்தியான எண் என்று முடிவுகட்டிவிட்டான். அரண்மனை விருந்தில் வரிசைக்கு ஏழு இலை. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வரிசையில் அடங்காமல் ஓர் ஆள் மிஞ்சினாலும், சமைத்தவர் அன்றைக்கே நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும்.

சமைக்கிறவள் பூவாயி. இடுப்பில் எட்டு மாசக் குழந்தை, கையில் கரண்டி, எப்போதும் குனிந்த தலை. அவள் வைத்த வத்தக்குழம்பை ராஜா ஒருநாள் வாயாரப் புகழ்ந்துவிட்டான். அன்றிலிருந்து தளவாய் கொப்பையாவுக்கு வயிற்றெரிச்சல். அவன் வீரத்தை யாரும் அப்படி நக்கிப் பார்த்துப் புகழ்ந்ததில்லை.

ராஜாவின் பிறந்தநாள் வந்தது. கீழவாசல் வழியாக முப்பத்தொரு பேர், மேலவாசல் வழியாக முப்பத்தொன்பது பேர். கொப்பையா ரெண்டு கூட்டத்தையும் தனித்தனியாக உட்காரவைத்தான்.

"மகாராஜா, கிழக்கே நாலு வரிசை போக மூணு பேர் மிச்சம். மேற்கே அஞ்சு வரிசை போக நாலு பேர் மிச்சம். ஒண்ணுக்கு ரெண்டு குத்தம். இவளை அனுப்பிடலாம்."

கைக்குழந்தையோடு பூவாயி எங்கே போவாள்? தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அந்த மூணு பேரையும் இந்த நாலு பேரையும் பக்கத்துல பக்கத்துல உட்காரச் சொல்லுங்க மகாராஜா."

உட்கார்ந்தார்கள். சரியாக ஏழு. ராஜா இருக்கிற பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

கொப்பையா விடுவானா? பின்வாசல் வழியாகத் தன் பெண்டாட்டியின் தம்பி ராக்கப்பனைக் கூட்டிவந்து, மூலையில் ஓர் இலை போட்டு உட்காரவைத்தான். "மகாராஜா, அங்கே பாருங்க, ஒருத்தர் மிச்சம்."

ராஜாவுக்குக் குழம்பை விட மனசில்லை. யோசித்தான். "கூட்டத்தைக் குறைச்சா மிச்சமும் குறையும். ஒரு வரிசையை எழுப்பி வெளியே அனுப்பு."

ஏழு பேர் போனார்கள். எண்ணினால், அப்பவும் ஒருத்தர் மிச்சம். இன்னொரு வரிசை போயிற்று. அப்பவும் ஒருத்தர். கடைசியில் பத்து வரிசையும் பசியோடு வாசலில் நின்றது. கூடத்தில் ராக்கப்பன் மட்டும் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தான்.

"இது ஏதோ செய்வினை," என்றான் ராஜா. விருந்தாளி சாப்பிடாமல் தானும் சாப்பிட முடியாதே என்று அவன் வயிறு கத்தியது.

பூவாயி முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தாள். "செய்வினையும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஏழு ஏழா எத்தனை தடவை எடுத்தாலும் அந்த ஒண்ணு அசையாது மகாராஜா. ஏழு ஏழா சேர்த்தாலும் அப்படித்தான். ஒண்ணை எடுக்கணும், இல்லேன்னா ஆறைச் சேர்க்கணும்."

"ஒண்ணையே எடுப்போம். நீ யாரப்பா?"

"அத்தான்தான் உட்காருன்னாரு," என்றான் ராக்கப்பன், வாய் நிறைய. "குழம்புல உப்பு கொஞ்சம் தூக்கல்."

எல்லாரும் கொப்பையாவைப் பார்த்தார்கள். அவன் கூரையைப் பார்த்தான்.

"எழுப்புங்க அந்தக் கழுதையை," என்று ராஜா ராக்கப்பனைக் காட்டினான்.

"சாப்பாட்டுல உட்கார்ந்தவரை எழுப்பவேண்டாம் மகாராஜா," என்றாள் பூவாயி. "வெளியே நிக்கிறவங்களைக் கூப்பிடுங்க. நீங்க, ராணியம்மா, மந்திரி, மூணு வாசல் காவல்காரங்க, ஆறு பேரும் கூடவே உட்காருங்க."

ராஜா காவல்காரன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பசிக்கு முன்னால் கிரீடமாவது ஒன்றாவது. பதினோரு வரிசை, கச்சிதம். கொப்பையாவும் சந்தடிசாக்கில் ஓர் இலையை இழுத்தான்.

"தளவாய் உட்கார்ந்தா ஒண்ணு மிஞ்சும்," என்றாள் பூவாயி மெல்ல.

"மிஞ்சட்டும்," என்றான் ராஜா. "இனிமே சமைச்சவளை யாரும் அனுப்ப முடியாது, நான் உட்பட. மிச்சத்தைக் கொண்டுவந்தவன்தான் ஊரைவிட்டுப் போகணும். தளவாய், உட்கார்றீரா?"

கொப்பையா இலையை விட்டுவிட்டுப் பரிமாறக் கரண்டியைத் தூக்கினான். பூவாயி தூண் மறைவில் குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தாள்.

மூலையிலிருந்து ராக்கப்பன் குரல் கொடுத்தான்: "அத்தான், பாயசம் இந்தப் பக்கம் வரவேயில்லை."