அன்னத்துக்கு எண்ணெய்க் குளியல்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். வேலையில்லாத நாளெல்லாம் அரண்மனைக் குளத்து அன்னங்களை வேடிக்கை பார்ப்பார். அவருக்கு வேலையிருந்த நாள் குறைவு.

ஒரு வெள்ளிக்கிழமை, சபை ஜன்னல் வழியே தம் செல்ல அன்னம் ஓயாமல் இறகு கோதுவதைக் கண்டு, "அது என்னதான் செய்கிறது?" என்று கேட்டார்.

"ஆயிரம் வேலைக்காரர் இருந்தும் அது மட்டும் தன் முதுகைத் தானே தேய்க்கிறது பிரபு, பாவம்!" என்றான் விகடன் சடகோபன். சபை கொல்லென்று சிரித்தது.

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாளை சனிக்கிழமை. எனக்குப்போல் அதற்கும் எண்ணெய்க் குளியல்!"

"சீயக்காய் அடியேன் பொறுப்பு" என்று முந்திக்கொண்டார் மந்திரி கஸ்தூரியப்பர். சடகோபன் பெயரைக் கேட்டாலே வயிறெரியும் மனிதர்.

அன்னங்களைக் காக்கும் பொம்மி வாசலோரம் நின்று கெஞ்சினாள். "வேணாங்க சாமி. வாலடியில சுரக்குற நெய்யை மூக்கால எடுத்து அதுவே பூசிக்குது. அதனாலதான் இறகுல தண்ணி ஒட்டல."

யாரும் காதில் வாங்கவில்லை. சடகோபன் மட்டும் திரும்பிப் பார்த்தான். அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் சபை இன்னும் அவன் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனமில்லாமல் இருந்துவிட்டான், பாழாய்ப்போனவன்.

மறுநாள் எண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டு நுரைக்க நுரைக்கத் தேய்த்து அன்னத்தைக் குளத்தில் விட்டார்கள். நடுக்குளத்தில் இறகெல்லாம் ஊறிக் கனத்து, எல்லோரும் பார்த்திருக்க அன்னம் மூழ்கிப்போனது.

ராஜா கதறினார். "காவல்காரிதான் கவனிக்கவில்லை" என்றார் மந்திரி. "கொன்றவரைக் கட்டி இழுத்து வாருங்கள், அதே குளத்தில் மூழ்கடிக்கிறேன்!" என்றார் ராஜா. "சடகோபனே அவளைக் கட்டி வரட்டும்" என்று மந்திரி எடுத்துக் கொடுத்தார்.

சடகோபன் போனான். கயிற்றால் இறுகக் கட்டிய சீயக்காய் மூட்டையோடு திரும்பினான்.

"கொன்றவன் இதோ, பிரபு."

"சபையில் என்ன கோமாளித்தனம்!" என்று மந்திரி சீறினார்.

சடகோபன் இரண்டு இறகுகளை எடுத்துத் தண்ணீர் தெளித்தான். குளக்கரையில் உதிர்ந்து கிடந்த இறகில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடியது. நெய்ப்பசை போகச் சீயக்காயில் கழுவியது நனைந்து சுருண்டது.

"இவனுக்குக் கூட்டாளிகள் மூவர். கேலி பேசிய நான், அரைத்துக் கொடுத்த மந்திரியார். மூன்றாமவரைக் கட்டத்தான் கயிறு எட்டவில்லை. சிம்மாசனம் உயரமாக இருக்கிறது."

மந்திரி ராஜாவின் முகத்தைப் பார்த்தார். ராஜாவோ, கண்ணில் நீர் நிற்க, சிரித்துவிட்டார். "பொம்மியை விடுங்கள். அந்த மூட்டையைக் குளத்தில் மூழ்கடியுங்கள்!"

"வேண்டாம் பிரபு, மீதி அன்னங்களும் அங்கேதான் நீந்துகின்றன."

ராஜா இன்னும் உரக்கச் சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். மந்திரிக்கு முகம் செத்துப்போனது.

சடகோபன் மாலையைக் கொண்டுபோய்ப் பொம்மியிடம் நீட்டினான். அவள் கைநீட்டவில்லை.

"உசிரைக் காப்பாத்துனீங்க, கும்பிடுறேன். ஆனா அன்னிக்கு நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சு. திரும்பிப் பார்த்தீங்களே ஐயா."