மிளகை மட்டும் நம்பிய காரமலை

கடலுக்கும் மலைக்கும் நடுவில் ஒரு நாடு இருந்தது. எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். நம் காலம் இல்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் நிம்மதியாகச் சிரிக்க முடியும்.

அந்த நாட்டின் பெயர் காரமலை. அதன் அரசன் வீரவல்லபன் நல்லவன்தான். கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதை அப்படியே நம்பிவிடுவான். அது ஒன்றுதான் குறை. அவையில் எப்போதும் கடைசியாகப் பேசுகிறவர் அமைச்சர் நெடுங்கண்ணர்.

காரமலையில் மிளகு விளைந்தது. நெல்லும் விளைந்தது. குயவர்கள் பானை வனைந்தார்கள். தச்சர்கள் ஏரும் உலக்கையும் செய்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை தூர தேசத்துக் கப்பல்கள் வரும். வந்தவர்கள் மிளகை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு பொன்னை இறக்கிவிட்டுப் போவார்கள். பானையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இதை நெடுங்கண்ணர் கவனித்தார். கவனித்ததோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. கப்பலில் ஏறாத தொழில் நாட்டுக்குப் பாரம் என்று அரசனிடம் சொன்னார். கடைசியாகச் சொன்னார்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் பிறந்தது. கப்பல்கள் போன மறுநாள், கப்பலில் ஏறாத தொழில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கு விடைகொடுப்பு மரியாதை செய்வார்கள். மாலை உண்டு, மேளம் உண்டு, பட்டுத்துண்டு உண்டு. அந்தத் தொழில் நடந்த இடத்தில் அரசனே தன் கையால் ஒரு மிளகுக்கொடியை நட்டுவைப்பான். நாளை முதல் எல்லோரும் மிளகு பறிக்கப் போகலாம் என்று அர்த்தம்.

முதல் ஆண்டு குயவர்களுக்கு மரியாதை நடந்தது. சூளையின்மேல் கொடி படர்ந்தது. குயவர்களைத் தவிர எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாம் ஆண்டு தச்சர்களுக்கு மரியாதை. பட்டறைத் தூணில் கொடி ஏறியது. இந்தமுறை குயவர்களும் சேர்ந்து கைதட்டினார்கள், கொஞ்சம் பலமாகவே. மூன்றாம் ஆண்டு உழவர்களுக்கு மரியாதை. வயல்களில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, கொடி ஏற மரம் நட்டார்கள்.

சோற்றுக்கு என்ன செய்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அவையில் யாரும் கேட்கவில்லை. கப்பல்காரர்களே அரிசியும் கொண்டுவந்தார்கள், பானையும் கொண்டுவந்தார்கள். மிளகைக் கொடுத்தால் போதும். வேலையும் குறைவு, வாசனையும் அதிகம் என்று நெடுங்கண்ணர் விளக்கினார்.

ஒரே ஒரு வயல் மட்டும் அடங்கவில்லை. அது பள்ளக்காலில் இருந்த உலகியின் வயல். அவள் கணவனை இழந்தவள். இரண்டு பெண்பிள்ளைகளை அந்த வயலை வைத்துத்தான் வளர்த்தாள். ஊர்த் தண்ணீரெல்லாம் வந்து நிற்கும் பள்ளம் அது. அரசாங்க ஆட்கள் எத்தனை வண்டி மண் கொட்டினாலும் மழை கரைத்துக்கொண்டு போனது. மூன்றுமுறை கொடி நட்டார்கள். மூன்றுமுறையும் வேர் அழுகியது. கொடி அழுகிய இடத்தில் உலகி நாற்று நட்டாள்.

நெடுங்கண்ணர் பல்லக்கில் வந்து பார்த்தார். இந்த நிலத்துக்கு நாட்டுப்பற்று இல்லை என்றார்.

"தண்ணி நிக்கிற இடத்துல மிளகு நிக்காதுங்க ஐயா. அது பள்ளத்தோட குணம், என் குணம் இல்லை" என்றாள் உலகி.

அடுத்த கப்பல் வருவதற்குள் இங்கே மிளகு காய்க்க வேண்டும், இல்லாவிட்டால் வயலைப் பறித்துக்கொண்டு தாயையும் மக்களையும் மலைக்குக் கூலியாக அனுப்புவோம் என்று சொல்லிவிட்டுப் பல்லக்கு போனது.

அடுத்த கப்பல் வரவில்லை.

கடலுக்கு அப்பால் இரண்டு அரசர்களுக்குள் சண்டை. யார் பெரியவர் என்பதில் தகராறாம். கப்பல்களெல்லாம் போருக்குப் போய்விட்டன. காரமலையில் மிளகு மலைபோலக் குவிந்தது. அரிசி அடிப்பானைக்கு வந்தது.

நெடுங்கண்ணர் சும்மா இருக்கவில்லை. மூன்று நடவடிக்கைகள் எடுத்தார். முதலில் கப்பல்காரர்களைக் கண்டித்து ஓலை எழுதினார். ஓலையைக் கொண்டுபோகக் கப்பல் இல்லை. அடுத்து மிளகின் விலையை இரண்டு மடங்காக உயர்த்தினார். வாங்க ஆள் இல்லை. கடைசியாக, பசி என்பது விஷமிகள் கிளப்பிய வதந்தி என்று முரசறைவித்தார். முரசு அடித்தவன் மூன்றாம் தெருவில் மயங்கி விழுந்தான்.

பிறகுதான் பள்ளக்கால் நினைவுக்கு வந்தது. வீரர்கள் உலகியின் குதிரிலிருந்த நெல்லை மொத்தமாக அரண்மனைக்கு ஏற்றிவிட்டார்கள். உலகி வண்டியின் பின்னாலேயே நடந்து, அரசன்முன் போய் நின்றாள்.

அன்று நெடுங்கண்ணருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒரு வாரமாக மிளகுக் கஷாயம் மட்டுமே உணவு. ஆகவே காரமலையின் வரலாற்றில் முதன்முறையாக வேறொருவர் கடைசியாகப் பேசினார்.

"இதைச் சாப்பிட்டா ஊருக்குப் பத்து நாள் வரும், அரசே. விதைச்சா அடுத்த வருசமும் ஊர் இருக்கும். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அரசன் அரண்மனைச் சமையலறையின் காலி அண்டாவைப் பார்த்தான். நெல்லைப் பார்த்தான். விதைக்கலாம் என்றான்.

சொல்வது எளிது. மேடாக்கிய வயலை மறுபடியும் வெட்ட வேண்டும். மண்வெட்டிக்குக் காம்பு போட ஆள் இல்லை. பழைய தச்சர்கள் மூன்று பேர் உட்கார்ந்து, ஏர் எப்படி இருக்கும் என்று யோசித்தார்கள். அவர்கள் செய்த முதல் ஏரைப் பார்த்து மாடே மிரண்டது. மூன்றாவது ஏர் உழுதது. நெல் விளையும்வரை ஊரே காட்டுக்கிழங்கைத் தோண்டி, சுட்டுத் தின்றது. வயதானவர்கள் சிலர் அறுவடையைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு யாரும் மேளம் அடிக்கவில்லை.

அறுவடை முடிந்தது. நெடுங்கண்ணரின் தொண்டையும் சரியாகிவிட்டது. அவையில் எழுந்து கைகூப்பினார். தான் பெரிய பாடம் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். நாட்டைக் காப்பாற்றியது நெல் என்பதால், இனிமேல் காரமலை முழுவதும் நெல் மட்டுமே விளைய வேண்டும் என்றார். குயவர், தச்சர், மிளகு பறிப்பவர் எல்லோரும் வயலில் இறங்க வேண்டும். அரசன் பூரித்துப்போய், ஆணை ஓலையைக் கொண்டுவரச் சொன்னான்.

உலகி அவையில்தான் இருந்தாள். ஓலையில் முத்திரை விழுவதற்குமுன் அமைச்சருக்குத் தன் கையால் சோறு போட வேண்டும் என்று அனுமதி கேட்டாள். நெடுங்கண்ணர் மகிழ்ந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவள் அவருடைய இரண்டு கைகளையும் ஏந்தச் சொல்லி, உமியோடு இருந்த நெல்லை ஒரு படி கொட்டினாள்.

"இது என்ன?" என்றார் நெடுங்கண்ணர்.

"சோறுங்க ஐயா. உங்க ஆணைப்படி போட்டிருக்கேன். குத்த உலக்கை இல்லை, தச்சர் வயல்ல இருக்காரு. வடிக்கப் பானை இல்லை, குயவரும் வயல்லதான் இருக்காரு. ரசம் வைக்கலாம்னா மிளகு பறிக்க ஆள் இல்லை. நெல்லு மட்டும் குறைவில்லாம இருக்கு. கூச்சப்படாமச் சாப்பிடுங்க."

நெடுங்கண்ணர் ஒரு வாய் போட்டுக்கொண்டார். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. அவை முழுவதும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அரசன் ஓலையை வாங்கி இரண்டாகக் கிழித்தான். பள்ளக்கால் வயல் உலகிக்கும் அவள் மக்களுக்குமே சொந்தம் என்று வேறு ஓலை எழுதச் சொன்னான்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, ஒரே தொழிலை நம்பி மற்றத் தொழில்களைக் கைவிடும் நாடு, நல்ல காலத்தில் எவ்வளவு செழித்தாலும் ஒரு கெட்ட காலத்தைத் தாங்காது.